மறுக்க முடியாத ஒப்புதல்

2025 ஏப்ரலில், யுபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மீது ஆஸ்திரியாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் ஒரு புகார் அளிக்கப்பட்டது. கற்கால வேட்டைச் சமூகத்தைக் களமாகக் கொண்ட ‘ஃபார் கிரை பிரைமல்’ என்னும் கணினி விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவர், அதை இணையத் தொடர்பின்றி விளையாட விரும்பினார். ஒருவர் தனியாகவே ஆடும் விளையாட்டு அது. ஆயினும், இணையத்தில் இணைந்து நிறுவனத்தின் கணக்கில் நுழைந்தாலொழிய அது திறக்கவில்லை. தமது கணினியிலிருந்து வெளியே செல்லும் தொடர்புகளை அவர் சோதித்துப் பார்த்தார். பத்து நிமிடங்களுக்குள் 150 முறை அந்த விளையாட்டு வெளி சர்வர்களைத் தொடர்புகொண்டிருந்தது. கூகுள், அமேசான் ஆகியவற்றின் சர்வர்களும் அவற்றுள் அடக்கம். வியன்னாவில் இயங்கும் தனியுரிமை அமைப்பொன்று அவர் சார்பில் இப்புகாரை முன்வைத்தது. கல் ஆயுதம் ஏந்திக் காட்டில் திரியும் மனிதனைப் பற்றிய விளையாட்டுக்கு அமெரிக்கப் பெருநிறுவனங்களின் சர்வர்களோடு என்ன பேச்சு?

வேலையின்மையும் விலைவாசியும் மக்களை வாட்டும் நேரத்தில் கணினி விளையாட்டு ஒரு அரசியல் பிரச்சனையா என்று சிலர் கேட்கக்கூடும். இன்று செல்பேசிச் செயலி முதல் ஆலையின் வருகைப்பதிவு இயந்திரம் வரை பரவியுள்ள ஒரு முறை, மிகக் குறைந்த எதிர்ப்போடு பழக்கப்படுத்தப்பட்ட இடங்களுள் ஒன்று இளைஞர்களின் விளையாட்டுக்களம். ஆகவே இது அரசியல் பிரச்சனைதான்.

முன்பெல்லாம் விளையாட்டுக் குறுந்தகடு கடையில் விற்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியதோடு தயாரித்த நிறுவனத்துக்கும் ஆடுபவருக்கும் இருந்த உறவு முடிந்தது. 2003இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம்’ என்ற விநியோக மென்பொருளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த அதன் புகழ்பெற்ற ‘ஹாஃப் லைஃப் 2’ விளையாட்டைக் கடையில் பெட்டியாக வாங்கியவரும் ஸ்டீமைத் தம் கணினியில் நிறுவித்தான் ஆக வேண்டும் என்றானது. பிற நிறுவனங்களும் இதே வழியில் தத்தம் மென்பொருட்களைக் கொண்டுவந்தன. இன்று ஸ்டீமில் ஒரே நேரத்தில் நுழைந்திருப்போர் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டுகிறது. விற்கப்படும் விளையாட்டின் விலையில் பொதுவாக 30 விழுக்காட்டை வால்வ் எடுத்துக்கொள்கிறது. சாலையின் குறுக்கே நிற்கும் சுங்கச்சாவடி அது. வாங்கியவருக்கோ விளையாட்டு சொந்தமும் இல்லை. இந்த உண்மையை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றிய பிறகே, விற்கப்படுவது வெறும் உரிமம் என்ற அறிவிப்பு ஸ்டீமின் கட்டணப் பக்கத்தில் இடம்பெற்றது. விலை முழுவதையும் கட்டிய பின்னரும் குத்தகைதாரராக இருப்பவரின் வீட்டுக்குள் நிலக்கிழார் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

அப்படி எட்டிப் பார்த்ததை ஜெர்மனியின் இளைஞர்கள் 2011இல் கண்டுகொண்டனர். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘பேட்டில்ஃபீல்டு 3’ விளையாட்டோடு ‘ஆரிஜின்’ என்ற தன் மென்பொருளைக் கட்டாயமாக்கியது. கணினியில் என்னென்ன மென்பொருட்கள் உள்ளன, அவை எப்படிப் பயன்படுத்தப்படுகின்றன என்ற விவரங்களைத் திரட்டவும், சந்தைப்படுத்தலுக்குப் பயன்படுத்தவும் அதன் உரிம ஒப்பந்தம் இடமளித்தது. விளையாட்டோடு தொடர்பில்லாத கோப்புறைகளையும் அந்த மென்பொருள் துழாவுவதைப் பயனர்கள் பதிவுசெய்து வெளியிட்டனர். இது வேவு மென்பொருள் அல்ல என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் ஒப்பந்தம் ஆடுபவரின் கண்ணில் படுவது பெட்டியைப் பிரித்து, தகட்டைக் கணினியில் இட்ட பிறகுதான். பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப வாங்குவதில்லை என்பது வணிக வழக்கம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானுக்கு மாற்றாக அங்கே இருந்தது, கட்டிய பணத்தை இழப்பது மட்டுமே. ஆயிரக்கணக்கானோர் கூட்டாகக் கொதித்தெழுந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு, நுகர்வோர் அமைப்புகளும் ஊடகங்களும் உடன் நின்ற பிறகே நிறுவனம் ஒப்பந்த வாசகத்தைத் திருத்தியது.

2019இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் மென்பொருளும் இதே வேலையைச் செய்து பிடிபட்டது. போட்டியாளரான ஸ்டீம், பயனரின் கணினியில் வைத்திருக்கும் கோப்பொன்றை அது எவர் அனுமதியுமின்றிப் படியெடுத்து வைத்திருந்தது. அதில் அவரது நண்பர்களின் பட்டியல் உண்டு. பயனர் விரும்பினால் மட்டுமே அவ்விவரம் தமது சர்வருக்கு அனுப்பப்படும் என்று எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி விளக்கினார். கேட்பதற்கு முன்பே கோப்பைத் தொட்டது தவறு என்பதையும் ஒப்புக்கொண்டார். இரு பெருநிறுவனங்கள் சந்தைக்காக மோதிக்கொள்கையில், ஒரு மனிதனின் நட்பு வட்டம் அவர்களது சரக்காகிறது.

மோசடி ஆட்டக்காரர்களைப் பிடிக்க இதெல்லாம் தேவை என்பது நிறுவனங்களின் வாதம். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஏமாற்றி வெல்பவரால் நேர்மையாக ஆடுபவரே பாதிக்கப்படுகிறார். ஆனால் இந்தத் தேவை எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். எந்தெந்த இணைய முகவரிகளுக்குச் சென்றார் என்று கணினியில் தங்கியிருக்கும் பதிவை, சந்தேகத்துக்கு உரியவர்களிடம் மட்டும் சோதித்ததாக வால்வ் 2014இல் ஒப்புக்கொண்டது. 2020இல் வந்த ‘வேலோரண்ட்’ விளையாட்டின் காவல் மென்பொருளோ, கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையக்கருவிலேயே அமர்கிறது. ஆட்டம் நடக்காத வேளையிலும், கணினியை இயக்கிய கணம் முதல் விழித்திருக்கிறது. அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ், சீனாவின் டென்சென்ட் நிறுவனத்துக்குச் சொந்தமானது. எபிக்கிலும் டென்சென்ட் 2012இல் சுமார் 40 விழுக்காடு பங்கை வாங்கியது. அமெரிக்க மூலதனம், சீன மூலதனம் என்று தனித்தனியே பிரித்துக் காட்டிப் பயனில்லை. கேட்காமலும் கேட்க முடிகிறது, கேட்டும் கேட்க முடிகிறது என்பதற்கும் ஸ்டீமே சான்று: கணினியின் வன்பொருள் பற்றிய அதன் கணக்கெடுப்பில் பங்கேற்பதும் மறுப்பதும் பயனரின் விருப்பம்.

குழந்தைகளின் நிலையே மிகக் கவலைக்குரியது. எபிக்கின் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில் பெற்றோரின் ஒப்புதலின்றி 13 வயதுக்குட்பட்டோரின் தரவைத் திரட்டியதாகவும், முன்பின் அறியாதவரோடு குழந்தைகள் பேசும் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்ததாகவும் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் அந்நிறுவனம் 27.5 கோடி டாலர் தண்டத்தொகைக்கு இணங்கியது. ஏமாற்றும் வடிவமைப்பால் தவறுதலாகப் பொருள் வாங்க வைத்ததற்காக மேலும் 24.5 கோடி டாலர், பயனர்களுக்குத் திருப்பியளிக்க ஒதுக்கப்பட்டது. இலாபக் கணக்கில் இவை ஒரு செலவினமாக எழுதப்பட்டுவிடும்.

திரட்டிய தரவு என்னவாகிறது என்பதற்கு இன்னொரு நிகழ்வையும் நோக்கலாம். ஆரிஜினை நடத்திய அதே எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வாங்குவோர்: சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம், சில்வர் லேக் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம், டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் அஃபினிட்டி பார்ட்னர்ஸ். நிறுவனம் கைமாறும்போது கோடிக்கணக்கானோரின் கணக்குகளும் பழக்கவழக்கப் பதிவுகளும் அதன் உடைமையோடு சேர்ந்தே கைமாறுகின்றன. என்றோ ஒரு மாலையில் பொத்தானை அழுத்திய இளைஞரிடம் இதற்கு எவரும் ஒப்புதல் கேட்கப்போவதில்லை.

இந்திய ஆட்சியாளர்கள் என்ன செய்தனர்? 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2020 செப்டம்பரில் ‘பப்ஜி’ உள்ளிட்ட 118 செயலிகளை மோடி அரசு தடை செய்தபோது, பயனர் தரவு வெளிநாட்டுக்குச் செல்கிறது என்று முழங்கியது. ஆனால் அந்தப் பயனரைப் பாதுகாக்கும் சட்டம் அன்று நாட்டில் இல்லை. 2023 ஆகஸ்டில்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆனது. ஒப்புதல், தரவை அழிக்கக் கோரும் உரிமை போன்ற முக்கியப் பிரிவுகளோ மேலும் 18 மாதங்கள் கழித்தே, அதாவது 2027 மே மாதத்தில்தான், நடைமுறைக்கு வரும். ஆனால் இதே சட்டத்தின் வழியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முடமாக்கும் திருத்தம் மட்டும் விதிகள் வெளியான உடனேயே அமலாகிவிட்டது. மக்கள் அரசைக் கேள்வி கேட்கும் வழியை அடைப்பதில் இருந்த அவசரம், நிறுவனங்கள் மக்களை வேவு பார்ப்பதைத் தடுப்பதில் இல்லை.

சட்டத்தின் உள்ளடக்கமும் இதற்கேற்பவே அமைந்துள்ளது. ஒப்புதல் சுதந்திரமானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடை செய்கிறது. நல்ல வாசகங்களே. ஆனால் அவற்றைச் செயல்படுத்தும் வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது ஒன்றிய அரசு. தனக்கு வேண்டிய அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கும் அதிகாரமும் அதனிடமே உள்ளது. மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அதில் ஒரு ரூபாய்கூடப் பாதிக்கப்பட்டவருக்குச் சேராது, அரசின் தொகுநிதிக்குச் செல்லும். போதாக்குறைக்கு, இழப்பீடு பெற வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையே இது நீக்குகிறது. அற்பமான புகார் என்று கருதப்பட்டால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது மட்டும் மறக்காமல் சேர்க்கப்பட்டுள்ளது.

விளையாட்டில் பழகிய இந்த முறை உழைப்பாளியின் கைக்கு வரும்போது என்ன நேரும் என்பதை 2021இல் ஹரியானாவின் ஆஷா ஊழியர்கள் கண்டனர். அரசு கொடுத்த செல்பேசிகளில் ‘எம்டிஎம் 360 ஷீல்டு’ என்ற செயலியை நிறுவுமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். இருப்பிடத்தை அறியவும், செல்பேசியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தவும் வல்ல செயலி அது. நிறுவாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற நிலையில், தனியொரு பெண்ணால் மறுக்க இயலாது. அவர்கள் சங்கமாகத் திரண்டு மறுத்தனர். சண்டிகரின் துப்புரவுத் தொழிலாளர்களும் மணிக்கட்டில் கட்டப்படும் கண்காணிப்புக் கடிகாரத்தை எதிர்த்துப் போராடினர்.

2027 மே மாதத்துக்கு இன்னும் அவகாசம் உள்ளது. அதற்குள் 43-ஏ பிரிவு காப்பாற்றப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் புகுத்தப்பட்ட திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். வாரியம் அரசின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைக் கணக்கின்றி, இணையமின்றிப் பயன்படுத்தும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். மாணவர், வாலிபர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளைத் தத்தம் மாநாட்டுத் தீர்மானங்களில் இடம்பெறச் செய்து, நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே பிரச்சாரத்தைத் தொடங்குவது அவசியம்.