பன்மையும் பரிகாசமும்

ஆங்கில இலக்கணத்தில் மாணவியராகிய நம்மை மிரட்டுபவற்றுள் ஒன்று, ‘எஃப்’ ஒலியில் முடியும் பெயர்ச்சொற்களின் பன்மை. இலையாகிய ‘லீஃப்’ பன்மையில் ‘லீவ்ஸ்’ ஆகிறது. கத்தியாகிய ‘நைஃப்’ ‘நைவ்ஸ்’ ஆகிறது. ஆனால் கூரையாகிய ‘ரூஃப்’, ‘ரூஃப்ஸ்’ என்றே நிற்கிறது. தலைவனாகிய ‘சீஃப்’, ‘சீஃப்ஸ்’ என்றே வருகிறது. பட்டியலை நாம் மனப்பாடம் செய்கிறோம். காரணம் கேட்டால், “ஆங்கிலம் அப்படித்தான்” என்பதே பல இடங்களில் கிடைக்கும் விடை.

காரணம் இல்லாமல் இல்லை. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் ‘எஃப்’ என்ற ஓரெழுத்தையே இரண்டு ஒலிகளுக்கு வழங்கினர். சொல்லின் இறுதியில் அது ‘ஃப்’. நடுவில் உயிரொலியோடு கூடினால் ‘வ்’. ஓநாயாகிய ‘உல்ஃப்’, அந்நாளைய பன்மை விகுதியான ‘அஸ்’ சேர்ந்ததும் ‘உல்வஸ்’ என்பது போல் ஒலித்தது. பின்னர் அந்த உயிரொலி தேய்ந்து மறைந்தது, ‘வ்’ தங்கிவிட்டது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த ‘சீஃப்’, ‘கிரீஃப்’ போன்றவை இம்மாற்றத்துக்கு உட்படவில்லை. ‘ரூஃப்’ போன்ற சில மட்டும், ஆங்கில மண்ணிலேயே பிறந்தும் வழிமாறிச் சென்றன.

இது நமக்குப் புதிதா? ‘பல்’ என்பதிலும் ‘கம்பு’ என்பதிலும் பகரத்தை நாம் வெவ்வேறாக ஒலிக்கவில்லையா? ‘கல்’ ‘கற்கள்’ ஆவதைத் தமிழ் வகுப்பில் படிக்கும்போது, லகரம் வல்லினத்தின்முன் றகரமாகத் திரியும் என்ற புணர்ச்சி விதியையும் சேர்த்தே கற்கிறோம். அதனால் அது மறப்பதில்லை.

குறிஞ்சிப்பாடியின் தறி வீடுகளிலிருந்தும், முந்திரி விளையும் சிற்றூர்களிலிருந்தும், நெய்வேலி நகரியக் குடியிருப்புகளிலிருந்தும் வரும் பெண்கள் நாம். வீட்டில் ஆங்கிலம் கேட்டறியாத ஒரு தோழி ‘ரூவ்ஸ்’ என்று சொன்னால் வகுப்பு சிரிக்கிறது. அவளோ விதியைச் சரியாகவே பிடித்திருக்கிறாள். விலக்கை மட்டுமே அறியவில்லை. முற்காலத்தில் ஆங்கிலேயருள் சிலரே அப்படி எழுதியதும் உண்டு. நாம் சிரிப்பது ஒரு நொடி. அவள் வாய் மூடிக்கொள்வதோ ஆண்டு முழுவதும்!

1937இல் வெளியான ‘தி ஹாபிட்’ நூலில், ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டோல்கின் குள்ளர்களை ‘டுவார்வ்ஸ்’ என்று எழுதினார். அன்று பெருவழக்கு ‘டுவார்ஃப்ஸ்’ என்பதே. அதே ஆண்டு வந்த வால்ட் டிஸ்னியின் ஏழு குள்ளர் படத்தின் பெயரிலும் அதுவே இருந்தது. இன்று அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. பேராசிரியர் எழுதினால் புதுமை, நெசவாளர் மகள் சொன்னால் பரிகாசமா?

தேர்வில் ‘ரூஃப்ஸ்’ என்றே எழுதுவோம், அதில் ஐயமில்லை. பட்டியலோடு காரணத்தையும் கற்பிக்குமாறு ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். தோழியரே, அடுத்த முறை ஒருத்தி தடுமாறும்போது சிரிக்காமல், விலக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அவளும் தயங்காமல் பேசட்டும்!