காசு யாருடைய கைக்குப் போகிறது?



1,500 அமெரிக்க டொலர். ருவாண்டா நாட்டில் ஒரு மலைக் கொரில்லாக் குடும்பத்தை ஒரு மணித்தியாலம் பார்ப்பதற்கு ஓர் ஆள் கட்ட வேண்டிய தொகை இது. கனடாவிலுள்ள என் பெரியம்மாவின் மகள், தொழிற்சாலையில் இரவு வேலை செய்து பல வருடங்களாகச் சேர்த்த பணத்தில், உடன் வேலை செய்யும் இரு பெண்களோடு ஒரு வாரம் ஆபிரிக்காவுக்குப் போக ஆசைப்படுகிறார். கொரில்லாவும் பார்க்க வேண்டுமாம், சிங்கமும் பார்க்க வேண்டுமாம். "நீ சமூகவியல் படிச்சனியெல்லே? எங்க போனால் எங்கட காசு அங்கத்தைய சனத்துக்குப் போகும் எண்டு பார்த்துச் சொல்லு" என்று பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்.

நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற எமக்கு இந்தக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்தப் பயணப் பாதையில் விதவைகளும் காணி இழந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மலைக் கொரில்லாக்கள் உலகில் மூன்று நாடுகளில் மட்டுமே வாழ்கின்றன: ருவாண்டா, உகண்டா, கொங்கோ. 2019ஆம் ஆண்டு இறுதியில் வெளியான கணக்கெடுப்பின்படி மொத்தம் 1,063. கொங்கோவை முதலிலேயே வெட்டிவிட்டேன். 2025 ஜனவரியில் எம்23 ஆயுதக்குழு கோமா நகரைக் கைப்பற்றியது. இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். உகண்டாவில் அனுமதிச் சீட்டு 800 டொலர்தான். ஆனால் பிவிண்டிக் காட்டுக்குத் தரைவழியே போக ஏறக்குறைய ஒரு முழு நாள் வேண்டும். அந்தக் காடு 1991இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, பரம்பரையாக அங்கே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். காணிக்கு உறுதி இல்லாதபடியால் பெரும்பாலானோருக்கு நட்டஈடும் கிடைக்கவில்லை. உறுதி இல்லாத காணி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே ருவாண்டா. சிறிய நாடு. தலைநகர் கிகாலியிலிருந்து கொரில்லா மலைக்கும், சிங்கம் உள்ள அககேரா பூங்காவுக்கும் தனித்தனியே ஏறக்குறைய இரண்டரை மணித்தியால ஓட்டந்தான். ஆனால் அங்கேயும் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. எம்23 குழுவுக்கு ருவாண்டா உதவுவதாக ஐ.நா. நிபுணர் குழு பல தடவை அறிக்கையிட்டிருக்கிறது. அரசு மறுக்கிறது. இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப போறது சரியோ?" என்று கேட்டார். அரசு வேறு, மலையடிவாரத்தில் உருளைக்கிழங்கு கிண்டும் பெண் வேறு என்பது என் எண்ணம். என்றாலும் 1,500 டொலரில் பெரும்பங்கு அரச பக்கமே போகிறது என்பதை நான் மறைக்கவில்லை.

மக்களுக்கு என்ன கிடைக்கிறது? 2005 முதல் பூங்கா வருமானத்தில் 5 வீதம் அயற்கிராமங்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2017இல் சீட்டின் விலையை இரட்டிப்பாக்கியபோது அதை 10 வீதமாக உயர்த்தினார்கள். பாடசாலை, சுகாதார நிலையம், தண்ணீர்த் தாங்கி என்று அது செலவாகிறது. தனிப்பட்ட ஒரு தாயின் கையில் அது விழுவதில்லை. காட்டெருமை இறங்கி மிதிப்பதோ அவளுடைய தோட்டத்தைத்தான். பூங்காவை விரிவாக்குவதற்காக விவசாயக் குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றும் திட்டமும் இருக்கிறது.

முதல் நாள் கிகாலி. 1994இல் ஏப்ரலிலிருந்து யூலை வரை ஏறக்குறைய நூறு நாட்களுக்குள் எட்டு இலட்சம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்ட நாடு அது. கிசோசி என்ற இடத்திலுள்ள நினைவகத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். உல்லாசப் பயணத்தில் அதைப் பார்க்க அக்காவுக்கு விருப்பமில்லை. அவருடைய தம்பி 1990இல் காணாமற் போனவர். நான் வற்புறுத்தவில்லை. இரண்டாம் நாள் காலையை வெறுமையாக விட்டிருக்கிறேன். விரும்பினால் போகலாம்.

அந்த நாட்டுப் பெண்களைப் பற்றி அவருக்குச் சொன்னேன். 1995 ஜனவரியில் 50 விதவைகள் கூடி அவேகா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். புருசனும் தகப்பனும் இல்லாமற் போன பின் காணி யாருக்கு என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. 1999இல் வந்த சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சம வாரிசுரிமை கொடுத்தது. 2003 அரசியலமைப்பு, தீர்மானம் எடுக்கும் சபைகளில் குறைந்தது 30 வீதம் பெண்கள் என்றது. 2008இல் பெண்கள் பெரும்பான்மையாக உள்ள முதலாவது பாராளுமன்றம் அந்த நாட்டில் அமைந்தது. இத்தனை பெண்கள் இருந்தும் அரசை விமர்சிப்பது அங்கே இலகுவல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அககேராவுக்கு இரண்டு நாள். இனப்படுகொலைக்குப் பின் திரும்பி வந்த அகதிகளுக்கும் அவர்களின் மாடுகளுக்கும் இடம் வேண்டியிருந்ததால், 1997இல் இந்தப் பூங்காவின் ஏறக்குறைய பாதி வெட்டிக் கொடுக்கப்பட்டது. மாட்டைக் கொன்ற சிங்கங்கள் நஞ்சூட்டப்பட்டு இல்லாமற் போயின. 2015இல் தென்னாபிரிக்காவிலிருந்து ஏழு சிங்கங்களும், 2017இல் கறுப்புக் காண்டாமிருகங்களும் கொண்டுவந்து விடப்பட்டன. விடியப்புறமும் பின்னேரமும் வாகனத்தில் சுற்ற வேண்டும், மத்தியானத்தில் மிருகம் நிழலுக்குப் போய்விடும். ஈகேமா ஏரியில் படகில் போனால் நீர்யானையும் முதலையும் பார்க்கலாம்.

ஐந்தாம், ஆறாம் நாட்கள் மலைக்கு. காலை ஏழு மணிக்குக் கினிகியில் நிற்க வேண்டும். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான். ஏற்றம் ஒரு மணித்தியாலமும் ஆகலாம், நாலைந்தும் ஆகலாம். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் அங்கேயே சொன்னால் கிட்டவுள்ள குடும்பத்துக்கு அனுப்பப் பார்ப்பார்கள். காஞ்சோண்டி போலச் சுணைக்கும் செடிகள் நிறைய, ஆகவே நீளக் கைச்சட்டையும் கையுறையும் அவசியம். தடிமன், இருமல் இருந்தால் விடமாட்டார்கள். எங்கள் சளி கொரில்லாவுக்குத் தொற்றிச் சாகவும் கூடும். முதலில் சீட்டு, பிறகுதான் விமான ரிக்கற் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். மழை குறைந்த யூனிலிருந்து செப்ரெம்பர் வரை நல்லது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை நாடே சிரமதானத்துக்கு இறங்கும், அன்று பாதையில் ஓடுவது கஷ்டம். பொலித்தீன் பை கொண்டுபோனால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

திரும்பும் வழியில் அவர்கள் இங்கேயும் வருகிறார்கள். இது வெளிநாட்டு உறவினர் வந்து தங்கும் எல்லா வீட்டாருக்கும் உரியது. இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இன்னும் இருக்கிறது. ஆபிரிக்கா போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், பனடோல் கொடுத்துப் பார்த்துக் கொண்டிராமல் அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும். போய் வந்த நாட்டின் பெயரையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக எனக்கும் அக்காவுக்கும் தர்க்கம் வந்தது சுமை தூக்குபவர் விடயத்தில். மலையடிவாரத்தில் அயற்கிராமத்தவர்கள் கூலிக்குப் பை தூக்க நிற்பார்கள். ஒரு காலத்தில் காட்டில் கண்ணி வைத்தவர்களும் அவர்களுக்குள் உண்டு, இப்போது பெண்களும் வருகிறார்கள். "என்ர பையை நானே தூக்குவன். எனக்கென்ன வேலைக்காரரோ?" என்றார் அக்கா. இரவு முழுக்கப் பெட்டி தூக்கியவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த 1,500 டொலரோடு ஒப்பிட்டால் சொற்பமான இந்தக் கூலிதான், இந்தப் பயணத்தில் நேரே அந்த ஊர்க் கைக்குப் போகும் காசு. பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, ஆளுக்கு ஒருவரை எடுங்கள், பெண்கள் நின்றால் அவர்களையே கேளுங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.