பூரண மனிதன் இரவற் சரக்கா?

மேனாட்டு நூல் இரண்டொன்றைப் புரட்டிப் பார்த்த நம்மவர் சிலர், ஒரு பழங்கூற்றைப் புதிது கண்டார்போல் பேசி வருகின்றனர். கவி இக்பால் பாடிய பூரண மனிதன் ஜெர்மானியராகிய நீட்சேயின் அதிமனிதனே என்பதும், அவனுக்குத் தொப்பியணிவித்துக் கலிமாச் சொல்லிக் கொடுத்ததே இக்பால் செய்த வேலை என்பதும் அக்கூற்று. இதனை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். நீட்சே தம் ஜரதுஷ்டிர நூலை வெளியிடத் தொடங்கியது 1883-இல். "இன்ஸானுல் காமில்" என்னும் கொள்கையை விரித்துரைத்த இப்னு அரபி பிறந்தது 1165-இல், மறைந்தது 1240-இல். அவருக்குப்பின் வந்த அப்துல் கரீம் ஜீலி அப்பெயராலேயே ஒரு நூல் யாத்தார். அந்த ஜீலியைப் பற்றி இக்பால் பம்பாயில் வெளிவந்த "இண்டியன் ஆண்டிக்குவரி" என்னும் பத்திரிகையில் கட்டுரை வரைந்தது 1900-இல். அஃதாவது 1905-இல் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறுமுன். அவருடைய "அஸ்ராரே குதீ" 1915-இல் வெளிவந்தது. 1920-இல் நிக்கல்சன் அதனை ஆங்கிலப்படுத்தியதும், மதிப்புரையாளர் சிலர் நீட்சேயின் சாயல் கண்டனர். நீட்சேயின் பெயரையே கேள்விப்படுமுன் இப்பொருள்பற்றித் தாம் எழுதியதாக 1921-இல் நிக்கல்சனுக்கு இக்பாலே கடிதம் விடுத்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒன்றை ஒளியாது ஒப்புகிறோம். நீட்சே ஆன்மாவின் மாற்றத்தை ஒட்டகம், சிங்கம், குழந்தை என மூன்றாகச் சொன்னார். இக்பாலும் மூன்று படி வைத்தார். முதற்படிக்கு அவரும் ஒட்டகத்தையே உவமை காட்டினார். பின்னாளில் நீட்சேயை அவர் கற்றார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒட்டகம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதன்றோ கேள்வி? இக்பாலின் படிகள் கீழ்ப்படிதல், தன்னடக்கம், இறைவனின் பிரதிநிதியாதல் என்பன. நீட்சேக்கோ இறைவன் இறந்துவிட்டான். பிரதிநிதியாக யாருக்கு இருப்பது? 1932-இல் வந்த "ஜாவீத் நாமா"வில், கலிமாவின் முதற்சொல்லாகிய "இல்லை" என்பதிலேயே நின்று அடுத்த சொல்லை எட்டாதவராக நீட்சேயைக் காட்டுகிறார் இக்பால். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் பற்றி இரக்கத்தோடு இவ்வாறு பேசுவானா?

வேற்றுமை இன்னும் ஆழமானது. அதிமனிதன் தோன்றுதற்குப் பெருந்திரளான மக்கள் வெறும் உரமாவர். மேனாட்டுத் தத்துவத்தின் தந்தையெனப் போற்றப்படும் அரிஸ்டாட்டிலோ, இயற்கையிலேயே அடிமையாகப் பிறந்தாருண்டு என வாதித்து, அடிமைக்கு நல்வாழ்விற் பங்கில்லை யென்றார். இப்னு அரபியின் நிறைமனிதன் இறைவனின் திருப்பெயர்களெல்லாம் தோன்றும் கண்ணாடி; அடிமைத்தன்மை முற்றினாலன்றி அக்கண்ணாடி துலங்காது. அந்நிலை பெண்களுக்கும் உண்டென்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். தொண்ணூறு வயது கடந்த பாத்திமா என்னும் மூதாட்டிக்கு செவிலி நகரில் தாம் பணிவிடை செய்ததையும் பதிந்து வைத்தார். பெண்களைப் பற்றி நீட்சே எழுதியவற்றை இங்கு எடுத்துரைக்க நாம் கூசுகிறோம்.

ஆங்கிலப் பள்ளியில் அரிஸ்டாட்டில் பெயரை மனனம் செய்த நமக்கு, ஜீலியின் பெயரை எவரும் சொல்லித் தரவில்லை. வேடிக்கை என்னவெனில், "இன்சான் காமில்" என்பது நாம் வாழும் இந்நாட்டு மலாய் மொழியில் பல நூற்றாண்டுகளாக வழங்கும் சொல். ஹம்ஸா பன்சூரியின் மரபில் வந்தது அது. அவருடைய நூல்கள் பதினேழாம் நூற்றாண்டில் அச்சேயில் எரிக்கப்பட்டன. எரித்தவர்கள் ஐரோப்பியரல்லர், நூருத்தீன் ரானீரியின் சார்பினரான முஸ்லிம்களே.

ஆதலின் நம் வீட்டாரையும் விடுவதற்கில்லை. இஸ்லாமிய உலகிலும் அடிமை வணிகம் நெடுநாள் நடந்தது. இப்னு துபைல் படைத்த ஹை என்பான், தனித் தீவில் தன் அறிவாலேயே நிறைவெய்தியவன், பொதுமக்களுக்குப் போதிக்கப் புகுந்து தோற்று, "இவர்களால் ஆகாது" என்று தீவுக்கே திரும்பிவிட்டான். அந்தத் தீவை விட்டு நம் ஷெய்குமார் பலர் இன்னும் வெளிவரவில்லை. பூரண மனிதனென்றால் கைமுத்தமும் காணிக்கையும் பெறும் பெரியவர் என்றே மக்கள் எண்ணும்படி விட்டுவைத்தனர். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதும் நம்போன்ற கிராணிமாரோ, வெட்டுக்காட்டுக்குச் செல்பவனைப் பார்த்து, ஷெய்கின் சொல்லையும் நீட்சேயின் சொல்லையும் ஒருங்கே சொல்கிறோம்: "இவனுக்கு எதற்கு இதெல்லாம்?" இக்பாலைத் திருடரென்போர் முதலில் இக்கேள்விக்கு விடையிறுக்கட்டும்.