முறைவைத்த ஒரு மணி நேரம்

விசுவாசம் தளர்ந்தால் நல்ல பிரசங்கியாரைத் தேடி ஓடுகிறோம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தார் 1727இல் செய்ததை எண்ணிப் பார்க்கிறேன். மொராவியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் அங்கே உபதேசச் சண்டையில் பிரிந்து கிடந்தார்கள். ஆகஸ்டில் திருவிருந்தில் ஒப்புரவானார்கள். அதோடு விட்டுவிடவும் இல்லை. 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என முறைவைத்து இரவும் பகலும் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி ஜெபம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஐந்தே ஆண்டில் அவர்களுடைய ஊழியர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். 1760இல் நம் தரங்கம்பாடியிலும் வந்திறங்கினார்கள். நேரம் கிடைக்கும்போது ஜெபிக்கலாம் என்று நானும் பல நாள் இருந்திருக்கிறேன், கிடைத்ததே இல்லை. நாளைக் காலை கைப்பேசியைத் தொடுமுன் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரமாவது முழங்காலில் நில்லுங்கள்.