நாள் தள்ளிப்போகும்போது

கருவுற்ற பெண்ணை “முழுகாமல் இருக்கிறாள்” என்று சொல்வது நம் நாட்டு வழக்கு. மாதவிலக்கு வரவில்லையென்றால் கரு என்பதே அச்சொல்லில் அடங்கிய பொருள். மணமாகாத மகளுக்கு நாள் தள்ளிப்போனால் தாய் பதறுவதும் இதனாலேயே. தாம்பரத்துத் தாய் ஒருவர் எம்மிடம் வந்து கண்ணீர் வடித்தார். கல்லூரி மாணவியான மகளுக்கு நாற்பது நாளாகியும் விலக்கு வரவில்லை. அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாராம்!

மகளுக்குப் பரீட்சைக் காலம். காலை உணவின்றி மின்ரயிலுக்கு ஓடுவாள். இரவு ஒரு மணிவரை கண் விழிப்பாள்.

சினைமுட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ 12 முதல் 16 நாட்களுக்குள் அடுத்த விலக்கு வருகிறது என்பதை 1920-களில் ஜப்பானிய மருத்துவர் ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் க்னாவுசும் தனித்தனியே கண்டறிந்தனர். பங்கின் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இயற்கை முறையைக் கற்றோர் இதனை அறிவர். கடற்கரை நிலையத்தில் வண்டி தாமதமாகப் புறப்பட்டால் தாம்பரத்திற்கும் தாமதமாகவே வரும். வழியில் ஓடும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. அதுபோலவே கவலை, காய்ச்சல், பட்டினி, உடல் மெலிவு ஆகியவை சினைமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகின்றன, விலக்கும் தள்ளிப்போகிறது. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் இடைவெளிகூட இயல்பே. தாய்ப்பால் ஊட்டும் காலத்திலும், நாற்பது வயதைத் தாண்டிய பின்னரும் கணக்குத் தவறுவதுண்டு.

மணமானவர்கள் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. நாள் தள்ளிய பின் அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

மூன்று மாதம் விலக்கு வராவிடில் மருத்துவரைக் காண்பது அவசியம். தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி முதலியன காரணமாகலாம். காசநோயும் காரணமாகலாம் என்றால் பலர் வியப்பர். 1928-இல் மருத்துவர் முத்து நிறுவிய தாம்பரம் சானடோரியத்தின் அருகிலேயே வாழும் நாம் அந்நோயை நெஞ்சோடு மட்டும் சேர்த்தே எண்ணுகிறோம். அது கருப்பையின் உட்சவ்வையும் தாக்கும். கவனியாது விட்டால் விலக்கு நின்று, பிள்ளைப்பேறும் தடைப்படலாம். அரசு மருத்துவமனைகளில் இதற்குரிய மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

அம்மாணவிக்கு 47-ஆம் நாள், பரீட்சை முடிந்த பின், விலக்கு வந்தது. தாய் மகளிடம் என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறன்று இருவரும் சேர்ந்தே கோயிலுக்கு வந்திருந்தனர்.