மாலை உலாவைத் தள்ளிப்போட வேண்டாம்

வீட்டில் ஒருவர் நீண்டகால நோயாளியாகும்போது, எவருடைய கவனத்துக்கும் வராமல் முதலில் நின்றுபோவது சிறு குழந்தைகளின் மாலை உலாவே. “அப்பாவுக்கு உடம்பு சரியாகட்டும், பிறகு கடற்கரைக்குப் போகலாம்” என்று சொல்லிவிடுகிறோம். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வந்து செல்பவரின் வீட்டில் அந்தப் ‘பிறகு’ எப்போது வரும்? நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது அது வாழ்ந்த காலத்தில் எட்டில் ஒரு பங்கு. நம் நாட்காட்டியால் அதன் காத்திருப்பை அளத்தல் தகாது.

இதில் தயக்கங்கள் இரண்டு. உடல்நிலை பற்றிய தயக்கம் நியாயமானது. மருத்துவரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மற்றொன்று, ‘இந்த நிலையில் இவர்களுக்குக் கடற்கரை ஒரு கேடா?’ என்று பிறர் பேசுவார்களோ என்னும் அச்சம். அதற்கு மருந்தில்லை, பொருட்படுத்தாமல் விடுவதே வழி.

அந்தக் குழந்தை தன் தந்தையை இப்போது எங்கே காண்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கட்டிலில் காண்கிறது, அல்லது மருத்துவமனைக்குப் புறப்படும் வாசலில் காண்கிறது. அவர் உள்நோயாளியாகிவிட்டால் அங்கே சிறுவர்க்குப் பெரும்பாலும் அனுமதியும் இல்லை. தந்தை என்றதும் மாத்திரையும், ‘சத்தம் போடாதே’ என்னும் அதட்டலும் மட்டுமே அதன் நினைவுக்கு வருவது நல்லதன்று. அலை காலைத் தொட்டபோது தன்னோடு சேர்ந்து சிரித்தவராகவும் அவர் நினைவில் இருக்க வேண்டும். சிலருக்கு அந்தப் ‘பிறகு’ வராமலே போகலாம். இதைப் படிப்பவருள் பலர் அதனை முன்பே அறிவர்.

சென்னைவாசிகளுக்கு மெரினாவைப் பரிந்துரைக்கிறேன். 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த உலாச்சாலையிலிருந்து நீர்விளிம்பு வரை மணற்பரப்பு மிக அகலமானது. நலமுள்ளவர்க்கே கால் சோரும். சக்கர நாற்காலியில் வருபவர் நெடுங்காலம் சாலையோரத்திலேயே நின்று கடலைப் பார்த்துத் திரும்பினர். 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, நீரருகே செல்லும் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்றுப் பின்னர் சீரமைக்கப்பட்டது. நோயுற்ற தந்தையும் துள்ளும் பிள்ளையும் ஒரே இடத்திலிருந்து கடலைக் காண இப்பாதை உதவுகிறது. இத்தகைய பாதை ஒவ்வொரு ஊர்ப் பூங்காவிலும் வேண்டும் என்பது என் கருத்து. அதைத் தனியே எழுத வேண்டும்.

இயன்றால் பௌர்ணமி மாலையைத் தேர்ந்தெடுங்கள். நம் கடல் கிழக்கே இருப்பதால் கதிரவன் நமக்குப் பின்னால் நகரத்தில் மறைவான். ஏறத்தாழ அதே வேளையில் நிலா கடலிலிருந்து எழும். கட்டணம் ஏதுமில்லை, வரிசையும் இல்லை. முக்கால் மணி நேரம் போதும். நெடுநேரம் இருந்தால்தான் குழந்தைக்கு நினைவிருக்கும் என்பது பெரியவர்களின் கற்பனை.

டயாலிசிஸ் நடந்த நாளில் உடல் களைத்திருக்கும்; இடைப்பட்ட நாளே ஏற்றது. பிள்ளை ‘தூக்கு’ என்று கைநீட்டும். ஃபிஸ்டுலா உள்ள கையால் தூக்கக் கூடாது. அமர்ந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, ஆதலால் சிறுநீரக நோயாளிக்கு அது வேண்டாம். அனுமதித்த அளவு குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். சுண்டல் குழந்தைக்கு மட்டும். அங்கே நீரோட்டம் வலியது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள நலமுள்ள ஒருவர் உடன்வருவது கட்டாயம். புற்றுநோய் மருந்துகளால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவர் சொல்லும் வரை கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும்; அவர்களுக்கு மொட்டைமாடியும் ஒரு பாயும் போதும், நிலா அங்கும் வரும்.

பிற ஊர்களில் தெப்பக்குளக் கரை இருக்கிறது, ஆற்றுப்பாலம் இருக்கிறது. ரயில் பார்க்கும் ஆசையுள்ள பிள்ளைக்கு நிலையத்து நடைமேடையே திருவிழா. அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, மருந்துச் சீட்டை மடிக்கும் முன், எந்த மாலையில் வெளியே செல்லலாம் என்பதையும் கேட்டு வாருங்கள்.