பார்க்காத வண்டிக்கு ஏலம் கேட்காதீர்கள்

ஏலத்தில் எடுத்தால் சல்லிசாகக் கிடைக்கும். பழைய கார் வாங்கிப் போட்டால் விலை ஏறுமே தவிர இறங்காது. இந்த இரண்டு நம்பிக்கைகளும் கைகோத்துக்கொண்டு நம் பக்கத்து ஊர்களில் உலவுகின்றன. அவிநாசி, சேவூர், பெருமாநல்லூர், திருப்பூர் என்று பனியன் தொழிலில் நாலு காசு பார்த்தவர்களிடம் இவற்றுக்கு மவுசு அதிகம். பெரிய வீட்டுப் பாகப்பிரிவினையில் ஒரு அம்பாசடர் ஏலத்துக்கு வருகிறது, மில் ஷெட்டில் நின்ற மோரிஸ் மைனரைக் கடன்காரர்கள் விற்கிறார்கள் என்று கைப்பேசிக்கு நான்கு படங்கள் வந்துவிட்டால் போதும். "அந்தக் காலத்துத் தகரமுங்கண்ணா, இப்ப வர்றதெல்லாம் வெறும் டப்பாங்க" என்று பக்கத்தில் ஒருவர் ஏற்றிவிடுவார். டெபாசிட் கட்டியாகிவிடும். வண்டியை நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

இதற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் இதைக் கண்டிக்கிறேன். பார்க்காமல் ஏலம் கேட்பவர் மலிவாக எதையும் வாங்குவதில்லை. பார்த்தவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய நஷ்டத்தைப் பணம் கொடுத்துத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அவர் காசு போவதோடு விஷயம் முடிவதில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு நல்ல வண்டியும் சேர்ந்தே அழிகிறது.

முதலில் அந்தக் காலத்துத் தகரத்தை எடுத்துக்கொள்வோம். அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே மாதம் வரை கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் தயாரானது. லாரிக்கு இருப்பதுபோல் அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தரையும் பக்கங்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைத்த கூடுதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஃபியட் 1100-உம் அதன் வழியில் வந்த பிரீமியர் பத்மினியும் அதே கட்டுமானம்தான். ஆகவே இந்த வண்டிகளில் துரு ஏறுவது வெறும் அழகுக் குறை அல்ல. வண்டியைத் தாங்கி நிற்கும் பாகமே கரைகிறது.

அந்தத் துரு எங்கே இருக்கும்? படத்தில் தெரியாத இடத்தில்தான் இருக்கும். முன் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பல மழைக்காலத்து ஈரம் அதற்கடியில் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினாலே தகடு பொத்துக்கொண்டு போகும். கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் பெட்டித் தகட்டின் மேல், துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். இரும்பு இருக்கும் வரை ஒட்டிக்கொண்டே வரும். திடீரென்று பிடி விட்டுக் கீழே விழுந்தால், அந்த இடத்தில் பெயிண்டுக்குள் இருப்பது தகடல்ல, பட்டி. கடைசியாக ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். மூட மறுத்தால் கூடு வளைகிறது என்று அர்த்தம். நல்ல டிங்கருக்கு இத்தனையும் பார்த்து முடிக்க அரைமணி நேரம் போதும். இந்த அரைமணியை மிச்சம் பிடிக்கிறோம் என்றுதான் லட்சக்கணக்கில் இழக்கிறோம்.

அடுத்து என்ஜின். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி பெட்ரோல் என்ஜின். பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் மாட்டிய வண்டிகள் ஏராளம். மாட்டியவர் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தாரா என்பதை எந்தப் படமும் சொல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்த மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காதவர் எதை வாங்குகிறார் என்று அவருக்கே தெரியாது.

"வின்டேஜ் வண்டிங்க, கவர்மென்டே தனிச் சலுகை கொடுக்குது" என்கிறார்கள். அந்தச் சலுகை என்னவென்று படித்துப் பார்க்க வேண்டும். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கான பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும், வின்டேஜ் ஊர்வலத்துக்கும், பராமரிப்புக்கும், எரிபொருள் நிரப்பவும் எடுத்துச் செல்லலாம். அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. டீசல் என்ஜின் ஏறிய அம்பாசடர் அந்த வாசலிலேயே நின்றுவிடும். 1984-இல் வந்த கான்டெசா காருக்கு 2034 வரை அந்தத் தகுதியே கிடையாது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விட்டே போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வின்டேஜ் பதிவுக்கு ஓடுபவர், அந்தக் கணக்கை அங்கேயே கிழித்துப் போட வேண்டியதுதான்.

துருவைக்கூடப் பற்றவைத்துச் சரிசெய்யலாம். கடைசிவரை தீராத தலைவலி பேர் மாற்றுவதில் இருக்கிறது. தாத்தா பெயரில் ஆர்.சி. இருக்கும். தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். 15 ஆண்டு முடிந்த காரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதுவும் நடந்திருக்காது. பசுமை வரியும் நிலுவையில் நிற்கும். ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பேர் மாற்றப் படிவம் 32 இருக்கிறதே என்று தைரியம் சொல்பவர்கள் உண்டு. அந்தப் படிவம் அரசோ அரசின் சார்பிலோ நடத்தும் பொது ஏலத்துக்கு உரியது. குடும்பத்தார் தங்களுக்குள் வைக்கும் ஏலத்துக்கு அது உதவாது. அங்கே முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாற வேண்டும். அதற்குப் பிறகுதான் 29, 30 படிவங்களோடு உங்கள் பெயருக்கு வரும். கடன் கொடுத்த நிறுவனம் விற்றால், அது படிவம் 36 போட்டுத் தன் பெயருக்கு ஆர்.சி. வாங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியூரில் இருக்கும் ஒரு மகள் கையெழுத்துப் போட மறுத்தால், ஏலம் எடுத்தவரிடம் ஓட்ட முடியாத ஒரு கார்தான் மிஞ்சும். தனக்கு இல்லாத உரிமையைப் பிறருக்கு விற்க எவராலும் இயலாது என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, 27-ஆம் பிரிவில், பொது விதியாக இருக்கிறது.

ஏமாந்தால் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நினைக்கலாம். அங்கேயும் வாசல் குறுகல். அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாக உத்தரவாதம் ஏற்பதில்லை என்கிறது. 2009-இல் சண்டிகர் நிர்வாகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஏலத்தில் இருக்கும் மனையை இருக்கும் நிலையில் எடுத்தவரை நுகர்வோராகக் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. அது மனை பற்றிய வழக்குதான். ஆனாலும் ஏல வண்டிக்காக நுகர்வோர் நீதிமன்றம் போகிறவர் முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டக்கூடிய தீர்ப்பு அது. 2023 மே மாதம் கேரள மின்வாரியம் தொடர்பான கே.சி. நைனான் வழக்கில், விதி இடம் கொடுத்தால் பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியை ஏலம் எடுத்தவரிடம் வசூலிக்கலாம் என்றது அதே நீதிமன்றம். உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டவர் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஏல அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஒரு வரி, விசாரிக்கும் பொறுப்பு முழுவதையும் வாங்குபவர் பக்கம் தள்ளிவிடுகிறது. பார்க்காமல் கையெழுத்துப் போடுபவர் அந்தப் பொறுப்பைத் தானே வாங்கி, தானே உதறிவிடுகிறார்.

விலை விஷயத்துக்கு வருவோம். 1971-இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பொறியாளர்களான கேப்பன், கிளாப், கேம்ப்பெல் மூவரும் கடலடி எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து ஓர் உண்மையை எழுதினார்கள். உள்ளே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, ஏலத்தில் ஜெயிப்பவர் மற்ற எல்லோரையும்விட அதிகமாக மதிப்புப் போட்டவர். அதனால் ஜெயித்த இடத்திலேயே தோற்றிருக்க வாய்ப்பு அதிகம். நம் கார் ஏலத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே யார்டுக்குப் போய் வண்டியைப் புரட்டிப் பார்த்த வியாபாரிகளும் ஏலம் கேட்கிறார்கள். பார்த்தவர் இரண்டு லட்சத்தில் நிறுத்திக்கொண்டபோது பார்க்காதவர் இரண்டரைக்குக் கேட்டு எடுத்தால், அந்த ஐம்பதாயிரம் எதற்குக் கொடுத்த பணம்? அவர் கண்ட குறை இவருக்குத் தெரியாமல் போனதற்குக் கொடுத்த பணம்.

எதிர்வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஷெட்டில் கிடந்த கார் கோடிக்கணக்கில் போன கதை உண்மைதான். பிரான்சில் ரோஜே பயோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபரின் குடும்பப் பண்ணையில் பல பத்தாண்டுகள் கிடந்த 59 கார்கள் 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம் போயின. மொத்தம் சுமார் 2.5 கோடி யூரோ. அதில் ஒரே ஒரு ஃபெராரி மட்டும் 1.6 கோடி யூரோவுக்கு மேல். மீதி 58 கார்களும் சேர்ந்து கொண்டுவந்தது ஒரு கோடிக்கும் கீழே. அந்த ஃபெராரி மாடலில் தயாரானவை சில டஜன்கள்தான். அது நடிகர் அலென் தெலோன் வைத்திருந்த கார் என்ற வரலாறும் ஆதாரத்தோடு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கார்கள் ஏலத்துக்கு முன்பே துருவும் தூசியுமாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. வாங்கியவர்களுக்குப் பார்த்து முடிவு செய்ய இடமிருந்தது. லட்சக்கணக்கில் தயாரான அம்பாசடரை நான்கு படங்களை நம்பி எடுப்பதற்கு இந்தக் கதையைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அநியாயம்.

"பார்க்கப் போனா நேரம் போயிடுங்க, அதுக்குள்ள வேற ஆளு தூக்கிட்டுப் போயிருவான்" என்பது இன்னொரு வாதம். போகட்டும். பார்க்கவே நேரம் தராத ஏலம், பார்த்தால் விற்காது என்று விற்பவருக்கே தெரிந்த ஏலம் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், இந்தத் தவற்றைச் செய்வது நம் மண்ணாக இருப்பதால். சோதித்துப் பார்த்தே பிழைக்கும் ஊர் இது. துணி ரோல் வந்ததும் ஜி.எஸ்.எம். கட்டரால் வட்டமாக வெட்டி எடுத்து எடை போடுகிறோம். துவைத்துச் சுருக்கம் அளக்கிறோம். ஷேடு ஒரு இழை மாறினால் லாட்டையே திருப்பி அனுப்புகிறோம். பையரின் ஆள் வந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு கன்டெய்னரும் தூத்துக்குடிக்குக் கிளம்புவதில்லை. கிலோ துணிக்குக் காட்டும் கறாரைக் காருக்குக் காட்டாமல் விடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

நம் பக்கத்துக்கு வேறொரு மரபும் இருக்கிறது. ஜி.டி. நாயுடு இளவயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி அதைக் கழற்றிப் பிரித்துப் பார்த்து இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ஒரே பேருந்தோடு அவர் தொடங்கிய தொழில் யு.எம்.எஸ். பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. கோவை அவிநாசி சாலையில் இன்று இருக்கும் ஜீடி கார் அருங்காட்சியகம் அவர் பெயர் சொல்லும் வளாகத்தில்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்து ஆசைப்பட்டு, கையால் பிரித்து அறிவதே இந்த மண்ணின் வண்டிப் பைத்தியம்.

பார்க்காமல் எடுத்த வண்டியின் கதி வேறு. வந்து இறங்கிய அன்றே மனம் கசந்துவிடுகிறது. டிங்கர் சொல்லும் தொகையைக் கேட்டு வேலை பாதியில் நிற்கிறது. கதவும் கண்ணாடியும் கழற்றிய நிலையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, கடைசியில் எடைக்குப் போகிறது. அறிந்தவர் ஒருவர் சரியான விலைக்கு எடுத்திருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. டெபாசிட் கட்டும் முன் மெக்கானிக்கையும் டிங்கரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் எழுதி வந்து, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். விற்பவர் யார், எந்த உரிமையில் விற்கிறார், எந்தப் படிவத்தில் பேர் மாறும் என்று எழுத்தில் கேளுங்கள். ஏலம் நடத்துபவர்களும் பார்வையிடும் நாளை அறிவிக்க வேண்டும். வண்டியின் அடிப்பாகப் படங்களையும் ஆர்.சி. நகலையும் வெளியிட வேண்டும். மறுப்பவர்களின் ஏலத்தை நாம் எல்லோரும் சேர்ந்து புறக்கணித்தால் ஒரே வருடத்தில் வழிக்கு வருவார்கள். பழைய வண்டி மேல் உண்மையான பாசம் இருப்பவர் அதன் அடியில் படுத்துப் பார்க்கத் தயங்கமாட்டார். அதற்கு மனமில்லாதவர் அந்த வண்டிக்கு ஏலம் கேட்கவே வேண்டாம்.